அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: டிக்கெட் முதல் தோட்டம் வரை

ஸ்பெயினின் தெற்கே கிரனாடா நகரத்தில், சபீக்கா என்ற குன்றின்மீது நிற்கிறது அல்ஹம்ப்ரா. 1238இல் முதலாம் முகமது தொடங்கிய இந்தக் கோட்டை அரண்மனையிலிருந்துதான் நஸ்ரித் வம்சத்து சுல்தான்கள் 250 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். 1492 ஜனவரி 2ஆம் தேதி கடைசி சுல்தான் பன்னிரண்டாம் முகமது, ஸ்பெயினின் கிறித்தவ ஆட்சியாளர்களான ஃபெர்டினாண்டு அரசரிடமும் இசபெல்லா அரசியிடமும் நகரத்தை ஒப்படைத்தார். அவரை ஸ்பானியர்கள் போவப்தில் என்பார்கள்.

இங்கே வருகிறவர்களில் பலர் போன் கேமரா வழியாகவே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. சுவரில் இருக்கும் எழுத்து, தரையில் ஓடும் தண்ணீர், இந்த இரண்டையும் விடாமல் பின்தொடருங்கள். மற்றதெல்லாம் தானாகப் புரியத் தொடங்கும். அதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்குத் திட்டம் வேண்டும். அதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

படி 1: டிக்கெட்

விமான டிக்கெட்டுக்கு அடுத்து எடுக்க வேண்டியது இதுதான். ஒரு நாளைக்கு உள்ளே விடும் ஆட்களுக்கு வரம்பு இருப்பதால், சீசன் மாதங்களில் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். அரண்மனையை நிர்வகிக்கும் அமைப்பின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். பொது டிக்கெட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய கோட்டை, நஸ்ரித் அரண்மனைகள், ஜெனராலிஃபே தோட்டம் மூன்றையும் பார்க்கலாம்.

டிக்கெட் உங்கள் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும் வரும். நுழைவாயில்களில் கேட்பார்கள் என்பதால் அன்று பாஸ்போர்ட்டை ஓட்டல் பெட்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சிறு பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் அவர்கள் பெயரிலும் ஒரு டிக்கெட் பதிவு செய்ய வேண்டும்.

இதில் முக்கியமானது, டிக்கெட்டில் ஒரு மணி குறித்திருப்பார்கள். அது நஸ்ரித் அரண்மனைகளின் வாசலில் நீங்கள் நிற்க வேண்டிய நேரம், வளாகத்துக்குள் வரும் நேரம் அல்ல. அரை மணிக்கு ஒரு கூட்டமாக உள்ளே விடுவார்கள். உங்கள் முறை போய்விட்டால் போனதுதான். உள்ளே போன பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் வெளியே வந்துவிட்டால் மறுபடி நுழைய முடியாது. முடிந்தால் காலையின் முதல் நேரத்தை எடுங்கள்.

படி 2: மேலே ஏறுவது

இசபெல் லா கத்தோலிக்கா சதுக்கத்திலிருந்து சி30 என்ற சின்னப் பேருந்து மேலே போகிறது. நடக்க முடிந்தவர்கள் கோமெரெஸ் தெரு வழியாக மாதுளை வாயிலைத் தாண்டி மரநிழலில் ஏறலாம். ஏற்றம் கொஞ்சம் கடினம்தான், ஆனால் வழியோரமெல்லாம் ஓடை சலசலத்துக்கொண்டே வரும். இந்த வழியில் வந்தால் 1348இல் முதலாம் யூசுஃப் கட்டிய நீதி வாயில் வழியாகவே உள்ளே போகலாம். கையில் டிக்கெட் இருப்பவர்களுக்கு இதுதான் நல்ல வழி, நஸ்ரித் அரண்மனைகளும் இங்கிருந்து பக்கம். பேருந்தில் வந்து ஜெனராலிஃபே பக்கத்து முதன்மை வாயிலில் நுழைந்தால், அரண்மனை வாசலுக்கு இன்னும் கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழுக்காத செருப்பு அவசியம். கோடையில் வெயில் சுட்டெரிக்கும், குளிர்காலக் காலையில் ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது.

படி 3: நஸ்ரித் அரண்மனைகள்

சரி, இப்போது நிதானமாக நடக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம்.

முதலில் வருவது மெஷுவார், மன்னர் அலுவல் பார்த்த கூடம். அதைக் கடந்து ஒரு சிறு முற்றத்தில் கோமரெஸ் முகப்பு நிற்கும். ஒரே மாதிரி இரண்டு கதவுகள். அந்நியருக்கு எது வழி என்று புரியாது. இடது கதவுதான் வளைந்து வளைந்து உள்ளே கொண்டுபோகும்.

வெளிச்சத்துக்கு வந்ததும் மிர்ட்டில் முற்றம். நடுவில் நீளமான குளம், இரு கரையிலும் வெட்டிவிட்ட மிர்ட்டில் செடி வேலி. குளத்தின் இரு முனைகளிலும் தரையோடு இருக்கும் வட்டத் தொட்டிகளைக் குனிந்து பாருங்கள். தண்ணீர் அங்கே வேகம் தணிந்த பிறகுதான் குளத்தில் சேர்கிறது. அதனால் அலை எழாமல் கோபுரம் தலைகீழாக அப்படியே தெரிகிறது. இந்தத் தண்ணீர் தார்ரோ ஆற்றிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் வாய்க்காலில் வருகிறது. அந்த வாய்க்கால் இல்லாமல் இந்தக் குன்றின்மேல் ஓர் அரண்மனை நகரம் இருந்திருக்கவே முடியாது. முதலாம் முகமது தொடக்கத்திலேயே வெட்ட வைத்தது அதைத்தான்.

அடுத்து தூதர்கள் கூடம். வாசலுக்கு நேரெதிரே இருக்கும் மாடத்தில் சுல்தான் அமர்ந்திருப்பார். பின்னாலிருந்து வெளிச்சம் வருவதால் வந்தவருக்கு அவர் முகம் சரியாகத் தெரியாது, அவருக்கோ வந்தவர் முகம் தெளிவாகத் தெரியும். மேலே பாருங்கள்: 8,000க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளால் இழைத்த கூரையில் ஏழு வானங்களை அடுக்கியிருக்கிறார்கள். அதன் அடியில் ஓடும் எழுத்து குர்ஆனின் 67ஆம் அத்தியாயமான சூரத்துல் முல்க். ஏழு வானங்களைப் பற்றிப் பேசும் வசனத்தை அதே ஏழு வானங்களின் கீழ் எழுதி வைத்திருப்பதைப் பார்க்கும்போது, இதைத் திட்டமிட்டவர்கள்மீது எனக்கு அளவில்லாத மதிப்பு வருகிறது.

அரபி தெரியாவிட்டாலும் ஒரு வரியை நீங்கள் அடையாளம் காணலாம். 'வ லா காலிப இல்லல்லாஹ்', அதாவது இறைவனைத் தவிர வெற்றியாளர் யாருமில்லை. நஸ்ரித் வம்சத்தின் முழக்கம் இது. நுழைவதற்கு முன்பே போனில் அதன் எழுத்து வடிவத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சுதைச் சுவர்களிலும் வளைவுகளிலும் திரும்பத் திரும்ப வரும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அவர்களிடம் இதைத் தேடச் சொல்லலாம், அலுக்கவே அலுக்காது.

அப்புறம் சிங்க முற்றம். ஐந்தாம் முகமது 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டியது. 124 மெல்லிய தூண்கள், நடுவே 12 பளிங்குச் சிங்கங்கள் சுமக்கும் தொட்டி. ஒன்றுக்கொன்று முகம் மாறுபடுவதைச் சுற்றிவந்து பாருங்கள். தொட்டியின் விளிம்பில் அரசவைக் கவிஞர் இப்னு ஸம்ரக்கின் கவிதை செதுக்கப்பட்டிருக்கிறது. ஓடுவது நீரா பளிங்கா என்று கண் தடுமாறுவதைப் பாடுகிறது. நான்கு பக்கமும் தரையில் கீறிய கால்வாய்கள் கூடங்களுக்குள்ளேயே போகின்றன.

பக்கத்து இரு சகோதரிகள் கூடத்தில் சுவரோரமாக நின்று அண்ணாந்து பாருங்கள். முகர்னஸ் என்னும் சுதை வேலை, ஆயிரக்கணக்கான சிறு கூடுகள் தேனடை போல அடுக்கடுக்காகத் தொங்கும். ஜன்னல் வெளிச்சம் நகர நகர அதன் நிழலும் நகரும். பத்து நிமிடமாவது நில்லுங்கள். எதிரே உள்ள அபென்செராஜே கூடத்தின் தொட்டியில் தெரியும் சிவப்பை, இங்கே கொல்லப்பட்ட அதே பெயருள்ள பிரபுக் குடும்பத்தின் ரத்தம் என்று கதை சொல்வார்கள். அது இரும்புக் கறை.

சுவரைத் தொடாதீர்கள். சுதையில் விரல் பட்டுப் பட்டுத்தான் ஓரங்கள் மழுங்குகின்றன. முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.

படி 4: கோட்டையும் தோட்டமும்

அல்கசாபா என்னும் பழைய கோட்டையில் வேலா கோபுரத்தில் ஏறினால் நகரமும், எதிர்க் குன்றின் அல்பைசீன் வீடுகளும், சியர்ரா நெவாடா மலைத்தொடரும் தெரியும். அரை மணி போதும்.

ஜெனராலிஃபேக்கு அதைவிட அதிக நேரம் வையுங்கள். சுல்தான்கள் கோடையில் ஒதுங்கிய இடம் இது. அங்கே வாய்க்கால் முற்றத்தின் நடுவே ஓடுவது, நீங்கள் காலையிலிருந்து பின்தொடர்ந்துவந்த அதே அரச வாய்க்கால். இருபுறமும் வளைந்து பாயும் நீர்த்தாரைகள் பின்னாளில் சேர்த்தவை. சுல்தான்கள் காலத்தில் தண்ணீர் இன்னும் அமைதியாக ஓடியிருக்கும். மேலே போனால் நீர்ப்படிக்கட்டு. கைப்பிடிச் சுவரின் மேற்புறமே கால்வாயாக, தண்ணீர் உங்கள் கைக்குப் பக்கத்திலேயே இறங்கி வரும்.

டிக்கெட் கிடைக்காவிட்டால்

நஸ்ரித் அரண்மனைகள் சேராத தோட்டம், கோட்டை டிக்கெட் தனியாக உண்டு. இரவுப் பார்வைக்கும் தனி டிக்கெட் இருக்கிறது. அதுவும் தீர்ந்துவிட்டதா? நீதி வாயிலும், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அரண்மனை முற்றமும் இலவசம். 1527இல் தொடங்கிய இந்தக் கட்டடம் வெளியே சதுரம், உள்ளே வட்டம். மறுநாள் காலையில் இணையதளத்தை மறுபடி பாருங்கள், யாராவது ரத்து செய்த இடங்கள் சில நேரம் திரும்ப வரும்.