காரின் ஆம்ப்ளிஃபையரில் கிராஸ்ஓவரை அமைக்கும் முறை

காரில் புதிதாக ஆம்ப்ளிஃபையரும், தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூஃபரும் பொருத்தியவர்களில் பலர், சத்தம் கூடியதே தவிரத் தெளிவு கூடவில்லை என்று வருந்துகிறார்கள். பெரும்பாலும் குறை ஸ்பீக்கரில் இருப்பதில்லை. எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஒலி போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரை யாரும் தொடாமல் விட்டிருப்பார்கள். முன்கதவுகளில் ஆறரை அங்குல ஸ்பீக்கர்கள், டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர், இரண்டையும் இயக்க ஒரு நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையர் என்ற பரவலான அமைப்பையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

பிரிப்பது ஏன் அவசியம் என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. ஒரே அளவு சத்தத்தைத் தருவதற்கு, அதிர்வெண் பாதியாகக் குறையும்போது ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசையும் கூம்பு 40 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டர் அசைந்தாக வேண்டும். சிறிய கதவு ஸ்பீக்கர் இதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறும்போது, அதே கூம்பிலிருந்து வரும் பாடகரின் குரலும் சேர்ந்து கலங்குகிறது.

முதலில் ஸ்டீரியோவில் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் பூஜ்யத்தில் வைத்து, குறைந்த சத்தத்தில் பேஸைக் கூட்டிக் காட்டும் லவுட்னஸையும், ஸ்டீரியோவுக்குள்ளேயே இருக்கும் ஹை பாஸ் (குறித்த அதிர்வெண்ணுக்கு மேலுள்ள ஒலியை மட்டும் விடுவது), லோ பாஸ் (கீழுள்ளதை மட்டும் விடுவது) வடிகட்டிகளையும் அணைத்துவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே அதிகம். ஸ்டீரியோவிலும் 80, ஆம்ப்ளிஃபையரிலும் 80 என்று வைத்தால் ஒரே ஒலி இரண்டு முறை வடிகட்டப்படுகிறது. ஸ்தாயிக்கு (அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபெல் என்று குறைய வேண்டியது 24 டெசிபெல் என்று செங்குத்தாகச் சரிந்து, குரலின் அடிப்பகுதி மெலிந்துவிடும். ஆம்ப்ளிஃபையரில் பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்திலும், ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று தீர்மானிக்கும் கெயின் குமிழ்களைக் குறைந்த அளவிலும் வையுங்கள்.

அடுத்து, சப்வூஃபரை ஒலிக்கவிடாமல், முன் சேனலின் சுவிட்சை ஹை பாஸுக்குத் தள்ளி, சிறிய ஸ்க்ரூடிரைவரால் குமிழை 80 ஹெர்ட்ஸுக்குத் திருப்புங்கள். குமிழைச் சுற்றி அச்சிட்டிருக்கும் எண்கள் தோராயமானவை என்பதால் இறுதித் தீர்ப்பு காதுக்கே உரியது. ஆண்குரலும் மிருதங்கமும் உள்ள, உங்களுக்கு நன்கு பழகிய ஒரு பாடலைப் போட்டு, வழக்கமாக நீங்கள் கேட்கும் உச்ச சத்தத்திற்குக் கெயினை மெல்ல உயர்த்துங்கள். உள்ளங்கையைக் கதவின் உட்பலகையில் வைத்தபடி கேளுங்கள்: மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியின் ஒவ்வொரு அடிக்கும் பலகை கிடுகிடுத்து ஒலி பிசிறினால் 90, 100 என்று ஏற்றுங்கள், குரல் மெலிந்து கேட்டால் 70 வரை இறக்குங்கள்.

இனி சப்வூஃபர். அதன் சேனலை லோ பாஸில் வைத்து, இதற்கும் 80 ஹெர்ட்ஸிலேயே தொடங்குங்கள். பாடகரின் குரல் டிக்கிக்குள்ளிருந்து வருவது போலத் தோன்றினால் எல்லை மிக உயரத்தில் இருக்கிறது என்று பொருள். 70, தேவையானால் 60 என்று குறையுங்கள். காற்றுத் துளை வைத்த பெட்டியாக இருந்து, ஆம்ப்ளிஃபையரில் மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் சப்சோனிக் வடிகட்டியும் இருந்தால், பெட்டி ட்யூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே அதை அமைப்பது கூம்பைக் காப்பாற்றும். பிறகு சப்வூஃபரின் கெயினைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றி, அடித்தாளம் முன்பக்கத்திலிருந்தே வருவதாகத் தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள்.

கடைசியாக, சப்வூஃபரின் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்ச். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர், டிக்கியும் கதவும் உங்கள் காதிலிருந்து வெவ்வேறு தொலைவில் இருப்பதால், இரண்டு இடத்து ஒலிகளும் ஒன்றையொன்று தின்றுவிடக்கூடும். ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் அமர்ந்து, வேறொருவரைச் சுவிட்சை 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். மிருதங்கம் எந்த நிலையில் நிறைவாகக் கேட்கிறதோ அதையே வைத்துக்கொண்டு, குமிழ்கள் நிற்கும் நிலையைக் கைபேசியில் படமெடுத்த பின் ஆம்ப்ளிஃபையரின் மூடியைப் பொருத்துங்கள்.