பிரிட்டன் மீதான ஜெர்மன் இரவுக் குண்டுவீச்சு: படைப்பிரிவுகளை ஆராயத் தொடங்குவது எப்படி?

படி 1: ஒரே ஓர் இரவு

'பிளிட்ஸ்' எனப்படும் இந்த இரவுக் குண்டுவீச்சுத் தொடர் முழுவதையும் கையில் எடுத்தால் ஒரு மாதத்தில் சோர்ந்துபோவீர்கள். 1940 செப்டம்பருக்கும் 1941 மேக்கும் இடையில் ஓர் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். 1944இல் பிரிட்டன் மீது மீண்டும் நடந்த 'ஸ்டைன்பாக்' குண்டுவீச்சுத் தாக்குதல்கள் முதல் முயற்சிக்கு வேண்டாம். அந்த ஆண்டுக்கான ஜெர்மன் இழப்புப் பதிவுகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

தேதியை எப்போதும் இரட்டையாக எழுதுங்கள். கோவென்ட்ரி தாக்குதல் 14/15 நவம்பர் 1940. நள்ளிரவுக்குப் பின் விழுந்த விமானத்தை ஒரு தரப்பு 14 என்றும் மறுதரப்பு 15 என்றும் குறித்திருக்கும். ஒற்றைத் தேதியில் தேடினால் பாதி தாள்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

படி 2: கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

ஜெர்மனி 1940 ஏப்ரல் 1 முதல் 1942 நவம்பர் வரை கோடைநேரத்தை விடாமல் வைத்திருந்தது. அதாவது கிரீன்விச் நேரத்தைவிட 2 மணி கூடுதல். பிரிட்டனும் 1940 பிப்ரவரி 25க்குப் பிறகு குளிர்காலத்தில்கூடக் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பவில்லை. அது கிரீன்விச்சைவிட 1 மணி கூடுதல். ஆக கோவென்ட்ரியில் முதல் குண்டுகள் விழுந்த இரவு 7.20 மணி, ஜெர்மன் கடிகாரத்தில் 8.20. ஆனால் 1941 மே 4 முதல் ஆகஸ்ட் 10 வரை பிரிட்டன் இரட்டைக் கோடைநேரத்துக்குப் போனதால் இரு கடிகாரமும் ஒன்றே. மே 10/11 லண்டன் தாக்குதலை ஆராயும்போது பழக்கத்தில் ஒரு மணி கழித்துவிடாதீர்கள். குறிப்பேட்டில் கிரீன்விச், பிரிட்டிஷ், ஜெர்மன் என்று மூன்று பத்திகள் போட்டு எழுதினால் பிழை வராது.

படி 3: பெயரையும் குறியீட்டையும் வாசிப்பது

பொறுமையாகக் கற்க வேண்டிய படி இதுதான். 'கெஷ்வாடர்' பெரிய படைப்பிரிவு. அதற்குள் பொதுவாக மூன்று 'குருப்பே', ஒவ்வொன்றிலும் மூன்று 'ஸ்டாஃபெல்'. ரோமன் எண் குருப்பேயைக் குறிக்கும். சாதாரண எண் ஸ்டாஃபெலைக் குறிக்கும். தட்டச்சுத் தாளில் ரோமன் ஒன்றும் சாதாரண ஒன்றும் ஒரே கோடாகத் தெரியும். அதைக் குழப்பினால் ஏறத்தாழ பத்து விமானங்கள் செய்ததை முப்பது விமானங்களின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். அதேபோல் 'கேஜி' என்பது கெஷ்வாடர். 'கேஜிஆர்' என்பது தனித்து இயங்கிய குருப்பே. கேஜிஆர் 100 பின்னாளில்தான் கேஜி 100இன் முதல் குருப்பேயாக மாறியது.

இனி விமானத்தின் உடலைப் பாருங்கள். 1940 நவம்பர் 6 அன்று டோர்செட்டில் வெஸ்ட் பே அருகே, கூழாங்கல் கடற்கரையில், வழிதவறிய ஒரு ஹைன்கல் 111 குண்டுவீச்சு விமானம் கட்டாயமாகத் தரையிறங்கியது. அதன் குறியீடு 6என்+பிஹெச். விமான உடலில் வரைந்த சிலுவைக்கு (எழுத்தில் '+') முன்னுள்ள '6என்' கேஜிஆர் 100ஐக் காட்டுகிறது. அடுத்த எழுத்து அந்தத் தனி விமானத்தினுடையது. கடைசி எழுத்தான 'ஹெச்' முதல் ஸ்டாஃபெல். ஹெச்-இல் தொடங்கி, ஐ, ஜே, ஓ, க்யூ ஆகியவற்றை விட்டுவிட்டு எண்ணினால் 9 ஸ்டாஃபெல்களுக்கும் எழுத்து கிடைத்துவிடும். கேஜிஆர் 100இன் விமானங்களில் இன்னோர் அடையாளமும் உண்டு: முதுகில் கூடுதல் ஆன்டெனாக் கம்பங்கள். இருட்டில் இலக்கைக் கண்டறிய உதவிய 'எக்ஸ்-கெரேட்' என்ற வானொலிக்கற்றைக் கருவிக்கானவை அவை. புகைப்படத்தில் எழுத்து மங்கியிருந்தால் கம்பங்களைத் தேடுங்கள்.

படி 4: ஜெர்மன் தாள்கள்

ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபே தன் ஆவணங்களில் பெரும்பகுதியை 1945இல் எரித்துவிட்டது. எஞ்சியவை ஃப்ரைபுர்கில் உள்ள ராணுவ ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பறக்கும் பிரிவுகளுக்கு 'ஆர்எல் 10' வரிசையைக் கேளுங்கள். தளவாடத் தலைமை அதிகாரியின் இழப்புப் பட்டியலே உங்களுக்கு முதுகெலும்பு. அதில் விமான வகை, தொழிற்சாலை எண், சேத விழுக்காடு எல்லாம் இருக்கும். 60 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் விமானம் கழித்துக்கட்டப்பட்டது. 100 என்றால் எதிரி மண்ணிலோ கடலிலோ போனது. 20 விழுக்காட்டைப் பார்த்து 'சுட்டு வீழ்த்தப்பட்டது' என்று எழுதாதீர்கள். அது பழுதுபார்க்கக்கூடிய சேதம்தான்.

படி 5: பிரிட்டிஷ் தாள்கள்

லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் 'ஏஐஆர் 40' உளவுத்துறைக் கோப்புகள், 'ஏஐஆர் 27' போர் விமான ஸ்குவாட்ரன்களின் நாட்பதிவுகள், 'ஹெச்ஓ 193' குண்டு விழுந்த இடங்களின் வரைபடங்கள். கைதிகளின் விசாரணை அறிக்கையில் பிரிவும் தளமும் கிடைக்கும். ஆனால் முதல் சில நாள்களில் எழுதியவற்றில் எழுத்துப்பிழையும் ஊகமும் அதிகம்.

படி 6: பொருத்திப் பார்ப்பது

ஒரே விமானத்தை இரவுப் போர் விமானியும் தரைப் பீரங்கிப் படையும் தத்தம் கணக்கில் சேர்த்திருப்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. இருட்டில் தீப்பிடித்து விழுந்ததை இருவருமே பார்த்தார்கள். கிடக்கும் சிதைவு ஒன்றுதான். ஆகவே உரிமைகோரலில் தொடங்காமல் சிதைவில் தொடங்குங்கள்: இடம், தொழிற்சாலை எண், குறியீடு. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு ஜெர்மன் பட்டியலோடு ஒத்துப்போனால்தான் பெயர் சூட்ட வேண்டும்.

படி 7: மனிதர்கள்

கீழே இறந்த பொதுமக்களுக்குக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியல் இருக்கிறது. ஜெர்மன் விமானிகளுக்கு, ஜெர்மன் போர்க்கல்லறைகளைப் பராமரிக்கும் 'ஃபோல்க்ஸ்புண்ட்' அமைப்பின் கல்லறைத் தேடல். இரு பக்கத்தையும் பாருங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் அந்த இரவு பாதியாகவே நிற்கும். ஒரு ஜெர்மன் விமானி புதைக்கப்பட்ட இடமாக 1940இன் ஊர்ப் பதிவு கிராமத் தேவாலய மயானத்தைச் சொல்லும். இன்றைய தேடல் கேனக் சேஸைக் காட்டும். முரண் என்று திகைக்க வேண்டாம். 1967இல் திறக்கப்பட்ட அந்த ஜெர்மன் கல்லறைத் தோட்டத்துக்குப் பலரது உடல்கள் பின்னர் மாற்றப்பட்டன. இரண்டு இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய மயானத்தின் பெயர்தான் பெரும்பாலும் விமானம் விழுந்த வயலுக்கு வழிகாட்டும்.