சொந்த ஆளையே சுடும் விபரீதம்: படையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் காந்தி ஸ்டேடியத்தில் ராணுவ ஆள்சேர்ப்புக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். போரில் சொந்தப் படையின் குண்டுக்கே வீரர்கள் பலியாவதை யாரோ ஓர் அவசரக்காரனின் தப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். விசையை அழுத்துவதற்கு வெகுநேரம் முன்பே தப்பு தொடங்கிவிடுகிறது.

"அந்தப் பக்கம் நம்ம ஆள் யாரும் இல்லை" என்று தானாக முடிவு கட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் நம் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது. படையினர் 6 பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். பாகிஸ்தான் விமானங்களோடு மோதல் நடந்த காலை அது. அதே ஆண்டு அக்டோபரில் அப்போதைய விமானப்படைத் தளபதி பதௌரியா அதைப் பெரிய தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன்.

அடுத்தது, கண்ணை அப்படியே நம்புவது. ஏற்காடு மலைப்பாதையில் பனிமூட்டம் இறங்கினால் எதிரே வருவது லாரியா பஸ்ஸா தெரியாது. மனம் எதை எதிர்பார்க்கிறதோ அதையே கண் காட்டும். 1994 ஏப்ரல் 14 அன்று வடக்கு இராக்கில் பட்டப்பகலிலேயே இது நடந்தது. அமெரிக்காவின் இரண்டு எஃப்-15 விமானங்கள், சொந்த நாட்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் இரண்டை இராக்கின் ஹைண்ட் ரகப் போர் ஹெலிகாப்டர்கள் என்று எண்ணிச் சுட்டன. 26 பேர் மாண்டார்கள். நம் தரப்பா, எதிரியா என்று காட்டிக்கொடுக்கும் அடையாளக் கருவி அந்த ஹெலிகாப்டர்களில் இருந்தும், அதில் அந்தப் பகுதிக்கான குறியீடு வைக்கப்படவில்லை. கண்காணிப்பு விமானத்தில் இருந்தவர்கள் அவற்றோடு முன்பே தொடர்பில் இருந்தும் விமானிகளை எச்சரிக்கவில்லை.

சரி, கருவியை மட்டும் நம்பலாமா? 2001 டிசம்பர் 5, ஆப்கானிஸ்தான். குண்டுவீச்சுக்கு இலக்கு சொல்லும் ஜிபிஎஸ் கருவியில் பேட்டரி மாற்றினார்கள். மறுபடி உயிர்பெற்ற கருவி, கருவி இருந்த இடத்தையே காட்டியது. அந்த எண்களே விமானத்துக்குப் போயின. 3 அமெரிக்க வீரர்களும் உடனிருந்த ஆப்கானியர் சிலரும் இறந்தார்கள். பின்னாளில் ஆப்கானிஸ்தான் அதிபரான ஹமீத் கர்சாய் காயத்தோடு தப்பினார். பேட்டரி மாற்றினால் எண்களை மறுபடி சரிபார்க்க வேண்டும். நாம் நிற்கும் இடத்தை முதலில் சொல்லி, இலக்கை அப்புறம் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொன்ன பிறகே அனுமதி தர வேண்டும்.

ரோந்து போனவர்கள் சொன்ன வழியை விட்டு வேறு வழியில் திரும்புவதும் ஆபத்து. வழி மாறினாலோ நேரம் தப்பினாலோ முதலில் வயர்லெஸ்ஸில் சொல்லுங்கள். காவலுக்கு நிற்பவருக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது என்று பதில் வரும்வரை முகாமை நெருங்காதீர்கள்.