புது மவுஸ், கீபோர்டு வாங்கும் முன் கையில் இருப்பதை முழுதாகப் பயன்படுத்துவது எப்படி?

சத்துவாச்சாரி இ-சேவை மையம், ஆம்பூர் ஷூ கம்பெனியின் பில்லிங் அறை, வேலூர் சிஎம்சி மருத்துவமனை பக்கத்து ஜெராக்ஸ் கடை என்று எங்கே பார்த்தாலும் நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மாலையானால் மணிக்கட்டு வலிக்கிறது என்பார்கள். நல்ல மவுஸ் எது என்று கேட்பார்கள். சொல்கிறேன், ஆனால் கடைசியில். புதிய வசதிகளில் பாதி உங்கள் மேசையில் ஏற்கெனவே இருக்கிறது. முதலில் அதை எடுத்துக்கொள்வோம். இங்கே விண்டோஸ் 10, 11 கணினிகளை வைத்தே விளக்குகிறேன்.

படி 1: சக்கரத்தை உருட்டாமல் அழுத்துங்கள்

மவுஸின் நடுவில் இருக்கும் சக்கரம் ஒரு பட்டனும்கூட. டிஎன்பிஎஸ்சி அறிவிப்புகள் பட்டியலாக இருக்கும் ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு இணைப்பின் மேல் அம்புக்குறியை வைத்துச் சக்கரத்தை அழுத்திப் பாருங்கள். அது தனி டேபில் திறக்கும், நீங்கள் இருந்த பக்கம் அப்படியே நிற்கும். வேண்டியதை எல்லாம் இப்படித் திறந்து வைத்துக்கொண்டு அப்புறம் ஒவ்வொன்றாகப் படிக்கலாம். படித்து முடித்த டேபின் மேல் சக்கரத்தை அழுத்தினால் அது மூடிக்கொள்ளும். தவறி மூடிவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், திரும்ப வரும்.

எழுத்து சின்னதாகத் தெரிகிறதா? கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மேலே உருட்டுங்கள். கண்ணாடி போட்ட பெரியவர்களுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது இதைத்தான்.

படி 2: மவுஸை உங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றுங்கள்

இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் வலது கையால் சிரமப்பட வேண்டியதில்லை. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் மவுஸ் என்று போனால் பிரைமரி மவுஸ் பட்டன் என்ற இடம் வரும். அதை ரைட் என்று மாற்றினால் போதும். அம்புக்குறியின் வேகத்தையும் அங்கேயே கூட்டிக் குறைக்கலாம்.

சில மவுஸ்களில் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பட்டன் இருக்கும். அது டிபிஐ பட்டன். கை ஒரு அங்குலம் நகர்ந்தால் அம்புக்குறி எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அது மாற்றுகிறது. பெட்டியில் 16000 டிபிஐ என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அலுவலக வேலைக்கு 800 முதல் 1600 வரை தாராளம். கட்டை விரல் பக்கம் இரண்டு பட்டன்கள் இருந்தால் அவை உலாவியில் முந்தைய பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் போக. நாள் முழுக்க இணையத்தில் படிவம் நிரப்புகிறவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும்.

படி 3: விண்டோஸ் விசையோடு வி

எனக்கு மிகவும் பிடித்த வசதி இது. சாதாரணமாகக் காப்பி செய்தால் கடைசியாக எடுத்தது மட்டும்தான் நிற்கும். விண்டோஸ் விசையையும் ஆங்கில வி எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். முதல் முறை ஒரு பெட்டி வந்து டர்ன் ஆன் என்று கேட்கும், சரி கொடுங்கள். அதன்பிறகு காப்பி செய்பவை 25 வரை வரிசையாகச் சேர்ந்திருக்கும். பெயர், முகவரி, கைபேசி எண் மூன்றையும் முதலிலேயே காப்பி செய்துவிட்டு, படிவத்துக்கு வந்து ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ஒட்டலாம். இரண்டு சாளரங்களுக்கு நடுவில் போய்ப் போய் வரும் அலைச்சல் நின்றுவிடும்.

ஆனால் இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ பலர் தொடும் கணினியில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும். ஒருவருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அந்தப் பெட்டிக்குள் அப்படியே இருக்கும். அடுத்து உட்காருகிறவர் பார்த்துவிட முடியும். ஒவ்வொருவர் வேலை முடிந்ததும் அதே பெட்டியில் கிளியர் ஆல் அழுத்துங்கள். ஊசிக் குறியை அழுத்திப் பின் (pin) செய்து வைத்தவை அதிலும் போகாது, கணினியை அணைத்துப் போட்டாலும் போகாது. அதனால் பிறர் விவரங்களை எக்காரணம் கொண்டும் பின் செய்யாதீர்கள்.

படி 4: அதே கீபோர்டில் தமிழ்

தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டைத் தேடி அலைய வேண்டாம். விண்டோஸ் 11 செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்று போய்த் தமிழைச் சேருங்கள். பிறகு தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் வழியாகத் தமிழ் 99 கீபோர்டைச் சேருங்கள். இனி விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

தமிழ் 99 என்பது 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. உயிர் எழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். வேலூர் என்று அடிக்க வ, ஏ, ல, ஊ, ர, புள்ளி என்று ஆறு தட்டு. ஆங்கிலத்தில் வி (V), டி (T), என் (N), இ (E), எம் (M), எஃப் (F) இருக்கும் விசைகள் அவை. அக்கா என்று அடிக்கும்போது புள்ளியைத் தேட வேண்டாம். அ, க, க, ஆ என்று தட்டினால் முதல் க தானே க் ஆகிவிடும். தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் பழைய முறையில் தேர்வு எழுதி வேகம் பிடித்தவர்கள் இதற்கு மாற வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயங்காமல் இதையே பழகுங்கள்.

படி 5: இப்போது கடைக்குப் போகலாம்

மணிக்கட்டு வலி தொடர்ந்து இருந்தால் வெர்டிகல் மவுஸைக் கையில் பிடித்துப் பாருங்கள். கைகுலுக்கும் நிலையில் கை இருப்பதால் முன்கை முறுக்கிக்கொள்ளாது. பழக ஒரு வாரமாவது ஆகும். சிஎம்சிக்கு நோயாளியோடு வந்து லாட்ஜில் தங்கியபடியே இரவில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சத்தமில்லாத சைலண்ட் மவுஸ் நல்லது, பக்கத்தில் படுத்திருப்பவர் தூக்கம் கெடாது.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச். நீல சுவிட்ச் டக் டக் என்று சத்தம் போடும், பலர் உட்காரும் அலுவலகத்துக்கு வேண்டாம். பிரவுன் அல்லது சிவப்பு எடுங்கள். புதிய கீபோர்டுகளில் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசை வருகிறது, மைக்ரோசாஃப்ட் 2024 ஜனவரியில் அறிவித்தது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

வயர்லெஸ் மவுஸ் வாங்கினால் அதோடு வரும் டாங்கிளை, அதாவது கணினியில் செருகும் சின்ன ரிசீவரை, நீல நிற யுஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். அந்தத் துளையில் பென்டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ ஓடும்போது எழும் மின் இரைச்சல், மவுஸ் பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கலந்து அம்புக்குறியைத் திக்கவைக்கும். தள்ளி இருக்கும் கறுப்புத் துளையில் போடுங்கள், அல்லது ஒரு சின்ன நீட்டிப்பு வயர் போட்டு மேசை மேல் வையுங்கள். பயணத்தில் டாங்கிள் தொலையாமல் இருக்க, பல மவுஸ்களில் பேட்டரி மூடிக்குள்ளேயே அதற்கு இடம் விட்டிருப்பார்கள். வாங்கும்போதே மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.