ஆறாத முதுகுவலி, கழுத்துவலி: அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

‘எல்4–எல்5 இடையே டிஸ்க் பிதுக்கம்.’ கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற தட்டு வெளியே தள்ளியிருக்கிறது என்று பொருள். என் எம்.ஆர்.ஐ. அறிக்கையின் இந்த ஒற்றை வரியை இரண்டு ஆண்டுகள் மனப்பாடமாக வைத்திருந்தேன். நலமா என்று யார் கேட்டாலும் அதையே பதிலாக ஒப்பிப்பேன். குனியமாட்டேன், பக்கெட் தூக்கமாட்டேன், முதுகைத் தாங்கும் பெல்ட் இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டேன். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொன்ன வாரத்தில்தான், இன்னொருவரிடமும் கேட்டுப் பார்ப்போமே என்று தோன்றியது.

இரண்டாமவர் முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டினார், குதிகாலால் நடக்கச் சொன்னார், பாதத்தைப் பஞ்சால் வருடினார். பிறகு, “நரம்பு ஒழுங்காக வேலை செய்கிறது. வலி எப்போதெல்லாம் வருவதில்லை என்று எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார். அதுவரை எல்லோரும் வலி எப்போது வருகிறது என்றுதான் கேட்டிருந்தார்கள்.

அந்த நோட்டில் தொடங்கி நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். வலி மூன்று மாதத்தைத் தாண்டியவர்களுக்கானது இது. நேற்றுப் பிடித்த சுளுக்குக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

படி 1: முதலில் மருத்துவர்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொள்வது, சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவது, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, கால் வலுவிழந்துகொண்டே போவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கழுத்துவலிக்காரர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடும்போது விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ தண்டுவடம் நெருக்கப்படுகிறது என்று பொருளாக இருக்கலாம். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு வந்த புற்றுநோய், கீழே விழுந்த அடி ஆகியவற்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சைதான் சரியான வழி. தாமதித்தால் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம்.

இவை ஏதும் இல்லை என்று உறுதியான பிறகே அடுத்த படி. சாப்பிட்டுவரும் மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 2: அறிக்கையை மறுபடி படியுங்கள்

1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஓரிடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வலியில்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. டிஸ்க் தேய்மானம் 20 வயதினரில் 37 சதவீதம், 80 வயதினரில் 96 சதவீதம். தலைமுடிக்கும் ஸ்கேன் எடுக்கும் வழக்கம் இருந்தால், நரைத்தவர்கள் எல்லோரும் ‘கேசத் தேய்மானம், தீவிர நிலை’ என்ற அறிக்கையோடு கலங்கி உட்கார்ந்திருப்பார்கள்.

டிஸ்க்கால் வலியே வராது என்று சொல்லவில்லை. வரும். ஆனால் பிதுங்கிய டிஸ்க் சில மாதங்களில் தானாகவே சுருங்குவதும் அடிக்கடி நடப்பதுதான். ஸ்கேனில் ஒன்று தெரிகிறது என்பதற்காக உங்கள் வலி முழுவதும் அதன் கணக்கில் சேர்ந்துவிடாது.

அப்படியானால் வலி கற்பனையா? இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். 1995இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான நிகழ்வு இது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் 15 சென்டிமீட்டர் ஆணிமேல் குதித்துவிட்டார். ஆணி பூட்ஸைத் துளைத்து மேலே வந்திருந்தது. லேசாக அசைத்தாலும் துடித்துப்போனார். ஊசி போட்டு மயக்கத்தில் ஆழ்த்த வேண்டியதாயிற்று. பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால், ஆணி விரல்களுக்கு இடையே புகுந்து போயிருந்தது. பாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் நடிக்கவில்லை. ஆபத்து என்று மூளை முடிவுகட்டினால் போதும், முழு வலியும் வந்துவிடும். ஆறாத வலியில் பலருக்கு இதுதான் நடக்கிறது: திருடன் போன பிறகும் நாய் குரைத்துக்கொண்டிருக்கிறது.

படி 3: இரண்டு வார நோட்டு

நான்கு கட்டம் போதும்: நேரம், வலி (பத்துக்கு எத்தனை), அப்போது செய்துகொண்டிருந்தது, முந்தைய நாள் நடந்தது. வலி இல்லாத நேரத்தையும் எழுத வேண்டும், அதுதான் முக்கியம்.

என் நோட்டில் ஒன்பதாம் நாள் சமையலறைக் குழாய் உடைந்தது. இரண்டு மணி நேரம் குனிந்து தண்ணீரை வழித்து, பக்கெட் பக்கெட்டாகக் கொட்டினேன். வலி: பூஜ்யம். பெல்ட் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை மேலதிகாரியின் தொலைபேசி அழைப்பு. அசையாமல் உட்கார்ந்தபடியே ஏழு. டிஸ்க்குக்கு என் மேலதிகாரியின் எண் எப்படித் தெரியும்?

இடம் மாறும் வலி, சில நாள் அறவே இல்லாத வலி, பதற்றத்தோடு சேர்ந்து ஏறும் வலி ஆகியவை நோட்டில் தென்பட்டால், மீதிப் படிகள் உங்களுக்குப் பலன் தர வாய்ப்பு அதிகம்.

படி 4: வலியைப் பார்த்துக்கொண்டு உட்காருதல்

நாளுக்குப் பத்து நிமிடம். வசதியாகச் சாய்ந்துகொள்ளுங்கள், படுத்தாலும் சரி. சில மூச்சுகள் விட்ட பிறகு கவனத்தை வலிக்குக் கொண்டுபோங்கள். அது உள்ளங்கை அகலமா, நாணயம் அளவா? அதன் ஓரம் எங்கே முடிகிறது? சூடா, இழுப்பா, குத்தலா? நகர்கிறதா? இதைப் பார்க்கும்போது மனத்துக்குள் ஒரே ஒரு செய்திதான் ஓட வேண்டும்: “இது பத்திரமான உடம்பு. எச்சரிக்கை மணி சும்மா அடிக்கிறது.”

எல்லோரும் தவறுவது இங்கேதான். போய்விட்டதா, குறைந்துவிட்டதா என்று நொடிக்கொருமுறை சோதிப்பார்கள். அது வேவு பார்ப்பது. வேவு பார்ப்பதே பயம்தான். தாழ்வாரத்தில் உட்கார்ந்து மழையைப் பார்ப்பவர், மழை நிற்க வேண்டும் என்று பார்ப்பதில்லை. எனக்கு முதல் இரண்டு வாரம் எரிச்சல்தான் மிச்சம். மூன்றாம் வாரம் ஒருநாள், இடுப்பின் இடப்பக்கம் இருந்த இழுப்பு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பனிக்கட்டி ஓரம் கரைவதுபோல் மெலிந்தது. ஒரு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் உடைந்த எலும்பு இப்படி ஒரு நிமிடம் விடுப்பு எடுக்காது என்பது புரிந்தது.

வலி எட்டு, ஒன்பது என்று இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், இதமாக இருக்கும் இடத்தை, உள்ளங்கையையோ பாதத்தையோ கவனியுங்கள்.

இந்தப் பயிற்சியை மையமாகக் கொண்ட சிகிச்சையை அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகக் குழு 151 பேரிடம் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டது. சராசரியாகப் பத்து ஆண்டு வலிக்காரர்கள். நான்கு வாரச் சிகிச்சை பெற்றவர்களில் 66 சதவீதம் பேர் வலி நீங்கியோ ஏறக்குறைய நீங்கியோ இருந்தார்கள். ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் 20 சதவீதம், வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் 10 சதவீதம். அவர்களுடையது மிதமான வலி என்பதையும், பயிற்சி பெற்றவர்கள் நேரில் வழிநடத்தினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனியாகச் செய்பவருக்கு அதே பலன் கிடைக்கும் என்று நான் கையெழுத்திட்டுத் தரமாட்டேன்.

படி 5: பயந்த அசைவுக்குத் திரும்புதல்

நாற்காலியில் உட்கார்ந்து, கைகளைத் தொடைமேல் சறுக்கி முழங்கால்வரை குனியுங்கள். ஐந்து முறை. முதுகு வளையட்டும், வளைவதற்குத்தான் அத்தனை கணுக்கள் இருக்கின்றன. மூன்று நாள் கழித்துக் கெண்டைக்கால்வரை, பிறகு தரைவரை. கடைசியாக நின்றபடி.

குனியும்போது உங்களையே கவனித்துப் பாருங்கள். நான் ஷூ கயிறு கட்டக் குனியுமுன் மூச்சை அடக்குவேன், வயிற்றைக் கல்லாக்குவேன், ஒரு கை மேசையைப் பிடித்துக்கொள்ளும். ஷூ கயிற்றுக்கு இவ்வளவு தற்காப்பு! மூச்சை வெளியே விட்டபடி குனியத் தொடங்கியதும் பாதிப் பிடிப்பு கழன்றது.

கழுத்துக்கு: முதலில் கண்களை மட்டும் பக்கவாட்டில் திருப்புங்கள், தலை தானாகப் பின்தொடரட்டும். இன்னொன்று, மின்னஞ்சல் திறக்கும் கணத்தில் உங்கள் தோள்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். என்னுடையவை காதுக்குப் பக்கத்தில் இருந்தன.

வலி ஒன்றிரண்டு புள்ளி ஏறி மறுநாளுக்குள் இறங்கினால் தொடரலாம். இறங்காவிட்டால் அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். இதோடு தினமும் நடை. யோகா, தை-சி (மெதுவாக அசையும் சீன உடற்பயிற்சி) பிடிக்குமென்றால் அவையும் நல்லவை. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்பே உடற்பயிற்சி, யோகா, மனக்கவனப் பயிற்சி போன்றவற்றைப் பரிந்துரைக்கிறது.

படி 6: எழுதிக் கிழித்தல்

பதற்றத்தோடு வலியும் ஏறுகிறது என்றால், மனத்தில் அடைத்து வைத்ததை இறக்கிப் பார்க்கலாம். நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிடம், யாரிடமும் சொல்லாததை எழுதிக் கிழித்துப் போடுங்கள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை; தூக்கம் மட்டும் கொஞ்சம் கூடியது. பெரிய இழப்போ வன்முறையோ பின்னணியில் இருந்தால் மனநல ஆலோசகரின் துணையோடு செய்யுங்கள்.

படி 7: வலி திரும்பும் நாள்

பலருக்கும் திரும்பும். எனக்கு நான்கு மாதம் கழித்து, நன்றாக இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லி முடித்த மறுவாரம் வந்தது. பெல்ட் எங்கே என்று தேடினேன், நல்லவேளை, கிடைக்கவில்லை. படி 1இல் சொன்ன அறிகுறிகள் புதிதாக இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபாருங்கள், ஒரே ஒருமுறை. இல்லையென்றால் அன்றைய நடையைப் பத்து நிமிடமாகச் சுருக்கிக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள். பிறகு நோட்டை எடுத்து அந்த நாளையும் பதியுங்கள். ‘முந்தைய நாள்’ கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்.