கழுதைப்புலியை வீட்டில் வளர்க்கலாமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கழுதைப்புலிக் குட்டி புட்டிப்பால் குடிக்கும் காணொளியைப் பார்த்து ஆசைப்படுபவர், பழகிய விலங்கு வேறு, வளர்ப்பு விலங்கு வேறு என்பதை முதலில் உணர வேண்டும். குட்டி மனிதரோடு பழகிவிடலாம். ஆனால் நாயின் சாதுவான இயல்பு, பல்லாயிரம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக உருவானது. தோற்றத்தில் நாயை ஒத்திருந்தாலும், கழுதைப்புலி பூனைக்கும் கீரிக்குமே நெருங்கிய உறவு. பெயரிலுள்ள கழுதைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

அடுத்து உடலமைப்பைக் கவனியுங்கள். புள்ளிக் கழுதைப்புலி வளர்ந்தபின் 50 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். பெரிய விலங்குகளின் எலும்பையே நொறுக்கித் தின்னும் தாடை அது. விளையாட்டாகக் கவ்வினாலும் கை தாங்காது. மேலும், ஆசனவாய்ச் சுரப்பியில் ஊறும் களிம்பைப் புல்தண்டுகளில் பூசி எல்லை குறிப்பது அதன் வழக்கம். வீட்டுக்குள் அந்தப் புல்தண்டின் இடத்தை நாற்காலிக் காலும் கதவு நிலையும் பிடித்துக்கொள்ளும், அந்த நாற்றம் எளிதில் போகாது. தண்டித்துத் திருத்தக்கூடிய பழக்கமன்று இது. இரவில்தான் அது சுறுசுறுப்பாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை குறையவில்லையெனில், சட்டம் அதற்கு இடமளிக்கிறதா, சிகிச்சையளிக்க முன்வரும் கால்நடை மருத்துவர் இருக்கிறாரா, 20 ஆண்டுகளுக்கு மேலும் அதைப் பராமரிக்க இயலுமா என்று விசாரியுங்கள். என் கணிப்பில், பெரும்பாலோர் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவர்.

தாயற்றதாகத் தோன்றும் குட்டியைக் கண்டால், தூக்காமலும் பால் புகட்டாமலும் விலகி நின்று வனத்துறைக்குத் தெரிவியுங்கள். தாய் இரை தேடச் சென்றிருக்கக்கூடும்.