புதுக் கருவியால் வாட் கூடியதா? அவசர முடிவில் நேரும் தவறுகள்

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை. டர்பன் சாட்ஸ்வர்த்தில் சித்தப்பா மகன் வீட்டு கேரேஜில் நின்றுகொண்டிருந்தேன். டிரெயினரில், அதாவது நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கியில், மாட்டிய சைக்கிளிலிருந்து இறங்கியவன், ஹேண்டில்பாரில் இருந்த சின்னத் திரையை என் பக்கம் திருப்பினான். "அண்ணே, பாருங்க. 20 நிமிஷ சராசரி 252 வாட். ஜனவரியில 238தான். 14 வாட் கூடியிருக்கு!"

பெடலில் கால் நொடிக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்பதன் அளவுதான் வாட். அது கூடியதற்குக் காரணம் என்று அவன் காட்டியது, பிப்ரவரியில் வாங்கிய தனித்தனியே சுழலும் கிராங்க். பெடலைத் தாங்கும் கைதான் கிராங்க். சாதாரண சைக்கிளில் இரண்டு கிராங்கும் ஒரே அச்சில் பிணைந்திருக்கும். ஒரு கால் அழுத்தும்போது மறு கால் தானாக மேலே வந்துவிடும். இதில் அந்த உதவி கிடையாது. ஒவ்வொரு காலும் தன் பெடலைத் தானே இழுத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தான். இப்போது என்னையும் வாங்கச் சொன்னான்.

ஒன்றை அவன் சரியாகவே செய்திருந்தான். பயிற்சி புதுக் கிராங்கில் என்றாலும், இரண்டு சோதனையையும் பழைய கிராங்கில்தான் ஓட்டியிருந்தான். ஆனால் கிராங்கைத் தவிர வேறென்ன மாறியது என்று யோசிக்கவில்லை. நம்மில் பலரும் செய்யும் தவறு அதுதான்.

சுவரோரம் பெரிய ஃபேன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எப்போது வாங்கினாய் என்றேன். மார்ச்சில் என்றான். டர்பனில் ஜனவரி என்றால் கேரேஜின் தகரக் கூரைக்குக் கீழே புழுக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நின்ற இடத்திலேயே மிதிக்கும்போது எதிர்க்காற்றும் கிடையாது. உடம்பு சூடேறினால், அதைத் தணிக்க ரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குப் போகும். கால் தசைக்குக் கிடைப்பது குறையும். அதே உழைப்புக்கு வாட் இறங்கும். ஜூலையோ நமக்குக் குளிர்காலம். கோடையில் ஃபேன் இல்லாமல் ஒரு சோதனை, குளிரில் ஃபேனோடு இன்னொன்று! வித்தியாசத்தில் ஒரு பங்கை இதுவே விழுங்கிவிடும்.

அப்புறம், ஜனவரியில் ஓட்டியது அவனுடைய முதல் 20 நிமிடச் சோதனை. முதல் ஐந்து நிமிடம் பாய்ந்துவிட்டுப் பாதியில் திணறியது அவனுக்கே நினைவிருக்கிறது. அடுத்த தடவை எந்த வேகத்தில் தொடங்க வேண்டும் என்று தெரிந்திருக்கும், எண் தானாக ஏறும். அதனால்தான் கருவியைத் தொடுவதற்கு முன்பே இரண்டு மூன்று முறை சோதித்து, முதலாவதைக் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும் என்கிறேன்.

வாட்டை அளக்கும் பவர் மீட்டரைச் சந்தேகிக்காமல் இருப்பது அடுத்த தவறு. நல்ல மீட்டர்களுக்கே ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் இருக்கும் என்று தயாரிப்பாளர்களே எழுதியிருப்பார்கள். 1.5 சதவீதம் என்று வைத்தால் 250 வாட்டில் கிட்டத்தட்ட 4 வாட். ஒரு சோதனையில் குறைத்தும் மறுசோதனையில் கூட்டியும் காட்டினால், கால் எதுவும் செய்யாமலே 7 வாட் வந்துவிடும். பெடலைக் கழற்றி மாட்டியபின், அழுத்தாதபோது மீட்டர் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று சரிபார்க்காவிட்டால் இன்னும் மோசம். அவனுடைய மீட்டர் இடது பெடலில் மட்டும் இருப்பது. இடது காலை அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டும். இடது கால் 119லிருந்து 126க்கு ஏறி, வலது கால் 119லேயே நின்றிருந்தால்? திரை 252 என்னும், உண்மையில் இருப்பது 245. காலைத் தனித்தனியே பழக்கும் கருவிக்கு ஒரு காலை மட்டும் அளக்கும் மீட்டர் சாட்சி சொல்லவே முடியாது. கிராங்கோடு சுழலும் முன்பக்கப் பல்சக்கரமான செயின்ரிங், வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தாலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. ஒரு சுற்று முழுக்க பெடல் ஒரே வேகத்தில் சுழல்வதாக வைத்துக் கணக்கிடும் மீட்டர்கள், அதில் வாட்டைக் கூட்டியே காட்டும்.

இதையெல்லாம் கழித்த பிறகும் கொஞ்சம் மிஞ்சும். அது அந்த ஐந்து மாத உழைப்பு. பணம் போட்டு வாங்கினோமே என்று அவன் வாரம் நான்கு நாள் விடாமல் ஏறி உட்கார்ந்தான்; முன்பெல்லாம் இரண்டு நாள்தான். ஆய்வுகளும் இந்தக் கிராங்குக்குத் தெளிவான ஆதரவு தரவில்லை. 2003இல் 12 பேரை வைத்து 6 வாரம் நடந்த ஓர் ஆய்வில் ஆற்றல் சிக்கனம் கூடியது. பின்னால் வந்த சில ஆய்வுகளில் அந்த லாபம் தென்படவில்லை. 2007இல் வந்த இன்னோர் ஆய்வில், பெடலை மேலே இழுத்து ஓட்டியவர்கள் அதே வேலைக்கு அதிக ஆற்றலைத்தான் செலவழித்தார்கள்.

சாலை நேரத்தை ஆதாரமாகக் காட்டுவதும் கூடாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரும் 106 கிலோமீட்டர் அமாஷோவா சைக்கிள் பந்தயத்தில் காற்றின் திசையும், எந்தக் கூட்டத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தீர்கள் என்பதும் சேர்ந்து நிமிடக் கணக்கில் நேரத்தை மாற்றிவிடும். ஜோகன்னஸ்பர்க் கிட்டத்தட்ட 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, சமவெளியில் அதே வாட்டுக்கு வேகம் கூடும். ஆனால் ஆக்சிஜனும் குறைவு, வாட்டே இறங்கும். இங்கே ஒரு சோதனை, அங்கே ஒரு சோதனை என்று ஒப்பிடவே கூடாது. புரட்டாசி விரதம் முடிந்து மூன்று கிலோ இறங்கியவர் கிலோவுக்கு இத்தனை வாட் என்று கணக்குப் போட்டாலும் எண் ஏறும்; கால் அதே கால்தான்.

பிரிட்டன் சைக்கிள் வீரர் பிராட்லி விகின்ஸ் 2012 டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தை நீள்வட்ட செயின்ரிங்கில் வென்றார் என்பார்கள். உண்மைதான், பின்னாளில் வட்டத்துக்கே திரும்பினார் என்பதும் உண்மை.

சரி, எப்படித்தான் சோதிப்பது? மாட்டியவுடன் பலன் தர வேண்டிய செயின்ரிங், ஷூ போன்றவற்றுக்கு வழி எளிது: பழையது, புதியது, புதியது, பழையது என்று ஒரே வாரத்தில் மாற்றி மாற்றி ஓட்டலாம். கிராங்க் அப்படியல்ல. பழக்கம் காலில் தங்கிவிடும், கழற்றினாலும் உடனே போகாது. அதற்கு ஒரு துணை ஆள் வேண்டும். அதே பயிற்சியை, அதே நாட்களில், கருவி இல்லாமல் செய்கிற ஆள். ஒரே ஒருவர் துணையாக இருப்பது நிரூபணம் ஆகாது. தனியாகத் திரையைப் பார்த்துப் பூரிப்பதைவிட எவ்வளவோ மேல்.

அந்தத் துணை நான்தான். கிராங்கை ஒரு மாதம் பரணில் போட்டுவிட்டு, ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்தோம். இரண்டு பக்கமும் அளக்கும் பெடல் ஒன்றை இரவல் வாங்கினோம். சோதனைக்கு ஃபேன் அதே ஸ்டூலில், பக்கத்தில் தெர்மாமீட்டர், ஏறுமுன் பூஜ்ஜியம். ஆளுக்கு மூன்று சோதனை முன்னால், எட்டு வாரம் கழித்து மூன்று. கேரேஜ் ஆணியில் ஒரு நோட்டுத் தொங்குகிறது. என் வாட் ஏறுவதைவிட அவனுடையது 8 வாட்டாவது கூடுதலாக ஏறினால்தான் கிராங்க் வீட்டில் இருக்கும், இல்லையென்றால் விற்றுவிட வேண்டும் என்று அதன் முதல் பக்கத்தில் அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.